மில்லு மூடிட்டா பென்ஷனும் போச்சா?

தேவகோட்டை பக்கத்துலேருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. வயசு 61. 1996லேருந்து 2003 வரை மதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லுல ஏழு வருஷம், அப்புறம் 2004லேருந்து 2008 வரை கோயம்புத்தூர்ல இன்னொரு மில்லுல நாலு வருஷம், ரெண்டுலயும் பி.எஃப் பிடிச்சாங்க. முதல் மில்லு மூடியே போச்சு. பத்து வருஷம் இருந்தாத்தான் பென்ஷனாமே, எனக்கு எங்கயும் பத்து இல்லையே, விட்டுரவான்னு கேக்குறாரு.

விட்டுராதீங்கண்ணே. பத்து வருஷம் ஒரே மில்லுல இருக்கணும்னு எங்கயும் இல்ல. 1995 நவம்பர்ல வந்த பென்ஷன் திட்டத்துல எல்லா வேலையும் ஒண்ணா கூட்டித்தான் பாப்பாங்க, உங்களுக்கு பதினொண்ணு வருது, நடுவுல சும்மா இருந்த மாசம் கணக்குல சேராது, அவ்வளவுதான்.

ஆனா ஒரு விஷயம் நல்லா யோசிச்சு பாருங்க. 2003ல கணக்கு முடிச்சு பணம் வாங்குனேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப எந்த பாரத்துல கையெழுத்து போட்டீங்க? 19ஆம் நம்பர் பாரம்னா அது பி.எஃப் பணம் மட்டும், பென்ஷன் சர்வீஸ் அப்படியே இருக்கும். கூடவே 10சி போட்டு பென்ஷன் பணத்தையும் எடுத்திருந்தா அந்த ஏழு வருஷம் போச்சு, மிச்சம் நாலுதான், அதுக்கு மாசாமாசம் பென்ஷன் வராது, ஒரே தடவையா ஒரு தொகைதான் கிடைக்கும். நிறைய பேருக்கு எதுல போட்டோம்னே தெரியாது, ஆபீஸ்ல நீட்டுன இடத்துல போட்டிருப்பாங்க, அது அவங்க தப்பில்ல. பழைய பேங்க் பாஸ்புக்கை எடுத்து பாருங்க, பி.எஃப்பும் பென்ஷன் பணமும் தனித்தனி வரவாத்தான் விழும்.

பி.எஃப் நம்பர் இல்லையா? தகரப்பெட்டில சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ கார்டு, வருஷா வருஷம் குடுத்த பி.எஃப் ஸ்லிப்பு எதாவது கிடக்கும், தேடுங்க. ஒண்ணுமே இல்லைன்னா கூட வேலை பாத்தவங்க யாரையாவது புடிங்க, பி.எஃப் நம்பர்ல மில்லோட கோடு நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான், கடைசி நம்பர் மட்டும்தான் மாறும். அந்தக் கோடு நம்பர், உங்க பேரு, அப்பா பேரு, சேந்த வருஷம் எழுதி அந்த மில்லு இருந்த ஏரியா பி.எஃப் ஆபீசுக்கு மனு குடுங்க, பதில் வரலைன்னா 10 ரூபா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல சொல்லியாகணும். பி.எஃப் ஹெல்ப்லைன் 14470க்கும் போன் போடலாம். பாதி பணம் குடு எடுத்து தர்றேன்னு வர்ற ஏஜென்ட்டுகிட்ட மட்டும் போயிராதீங்க, கோபமா வருது எனக்கு, பி.எஃப் ஆபீஸ்ல இதுக்கு ஒரு பைசா பீஸ் கிடையாது.

முதலாளி கையெழுத்துக்கு மில்லு இல்லையேன்னு பயப்படாதீங்க, மூடுன கம்பெனின்னா உங்க பேங்க் மேனேஜர் கையெழுத்து போட்டாலே வாங்குவாங்க.

ரெண்டு சர்வீசும் சேந்ததும் மாசாமாசம் பென்ஷன் கேக்குற 10டி பாரத்தைக் குடுங்க. பென்ஷன் 58 வயசுலேருந்தே உங்களுக்கு சேர வேண்டியது, அதனால மூணு வருஷ பாக்கியையும் கேளுங்க. அந்தக் காலத்து சம்பளத்துக்கு கணக்கு கம்மியாத்தான் வரும், ஆனா 2014 செப்டம்பர்லேருந்து குறைஞ்சது மாசம் 1000னு இருக்கு.

10டில அண்ணி பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்குற மாதிரியே எழுதுங்க, ரெண்டு பேரும் சேந்து எடுத்த போட்டோ வைங்க, உங்களுக்கு அப்புறம் அவங்களுக்கு போற பென்ஷன் அதை வச்சுத்தான்.