வைரஸும் ஒளியும்: உங்கள் மகள் எதைப் படிக்கலாம்?

அம்மாவுக்கு வணக்கம்.

"வைரஸையும் ஒளியையும் வைத்துப் புற்றுநோயைக் குணப்படுத்தப் போகிறேன் என்கிறாள். கேட்கவே பயமாக இருக்கிறது. இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் மகள் கதை விடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹெர்பிஸ் வைரஸின் வீரியத்தைக் குறைத்து, நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் ஒரு மரபணுவை அதில் சேர்த்துச் செய்ததுதான் டி-வெக் என்ற மருந்து. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள்; வைரஸ் அங்கே பெருகிப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும். 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2021இல் ஜப்பான், மூளைக் கட்டிக்கு இன்னொரு ஹெர்பிஸ் வைரஸ் மருந்தை நிபந்தனையோடு ஏற்றது.

இதில் ஒரு கணக்கை நீங்கள் இருவரும் கவனிக்க வேண்டும். மரபணு மாற்றிய ஹெர்பிஸ் வைரஸ் மூளைக் கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று எலிகளில் காட்டிய ஆய்வு வெளிவந்தது 1991இல். அங்கிருந்து டி-வெக் அனுமதிக்கு 24 ஆண்டு. அப்படி வந்த மருந்தும் பரிசோதனையில் 100 பேரில் சுமார் 16 பேருக்குத்தான் நீடித்த பலன் தந்தது. அந்த 16 பேருக்காக 24 ஆண்டு உழைக்கலாம் என்று மனதாரத் தோன்றுபவர்களுக்கான துறை இது. மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒளி சேரும் பகுதி இன்னும் இளசு. வைரஸ் புற்றுநோய்ச் செல்லுக்குள் ஒரு மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைப் படித்துச் செல் ஒரு புரதத்தைச் செய்யும். ஒளி படும் வரை அந்தப் புரதம் சும்மா கிடக்கும். கில்லர்ரெட் என்ற சிவப்புப் புரதம் ஒளி பட்டதும் நச்சு ஆக்சிஜனை உண்டாக்கிச் செல்லைக் கொன்றுவிடும். நீல ஒளி பட்டால் மட்டும் பெருகும் தட்டம்மை வைரஸை 2019இல் ஜப்பான் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். புற்றுநோயில் இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தட்டிலும் எலியிலும்தான் இருக்கின்றன.

ஏன் நோயாளியை எட்டவில்லை? பெரிய காரணம் ஒன்று, நீல ஒளி தசைக்குள் ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும். சிவப்பும் அகச்சிவப்பும் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும், அவ்வளவுதான். கல்லீரலுக்குள் இருக்கும் கட்டிக்கு ஒளியை எப்படிக் கொண்டுபோவது? மெல்லிய ஒளியிழையா, உள்ளே பதிக்கும் சிறு விளக்கா, சிவப்புக்கே விழித்துக்கொள்ளும் புதிய புரதமா? இந்தக் கேள்விகளை உயிரியல் படித்தவர் மட்டும் தீர்க்க முடியாது. மகளுக்கு இயற்பியல்தான் பிடிக்கும், உயிரியலில் மதிப்பெண் சுமார் என்று வருந்தியிருந்தீர்களே, அந்த இயற்பியலுக்கு இங்கே பெரிய தேவை இருக்கிறது.

அதனால் என் யோசனை: இளநிலையிலேயே 'புற்றுநோய் மரபணு சிகிச்சை' போன்ற பெயர் போட்ட குறுகிய படிப்பில் சேர்க்காதீர்கள். துறை திசை மாறினால் அந்தப் பெயர் கைகொடுக்காது. இயற்பியல், உயிரியல், உயிர்வேதியியல், உயிர்மருத்துவப் பொறியியல், இவற்றில் அவளுக்கு இயல்பாக வருவதை ஆழமாகப் படிக்கட்டும். வைராலஜியோ (வைரஸ்களைப் பற்றிய படிப்பு) ஆப்டோஜெனிடிக்ஸோ (மரபணு சேர்த்த செல்களை ஒளியால் இயக்கும் துறை) முதுநிலையில் வரட்டும். ஆய்வுக்குழுவைத் தானே நடத்த ஆசை என்றால் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டியிருக்கும். மருந்துக்கான வைரஸைத் தயாரிப்பது, அதன் தரத்தைச் சோதிப்பது, மருத்துவப் பரிசோதனைகளை ஒருங்கிணைப்பது போன்ற வேலைகளுக்கு முதுநிலையே பல இடங்களில் போதும். தடுப்பூசித் தயாரிப்பிலும் இதே திறமைகள்தான் வேண்டும், ஆகவே ஒரே கதவை நம்பி நிற்க வேண்டியதில்லை.

கிருமி பயத்துக்கு: இந்த வைரஸ்களில் பலவும் வலுக்குறைத்தவை. காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள், கையுறையோடுதான் கையாள்வார்கள். பயிற்சி முடியாமல் யாரையும் தொட விடக் கூடாது என்பது விதி.

நான் அதிகம் யோசிப்பது அவளுடைய பொறுமையைப் பற்றி. வைரஸை எண்ணும் முறை ஒன்று உண்டு. தட்டில் செல்களைப் பரப்பி, வைரஸைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து ஊற்றி, சில நாள் கழித்து ஊதாச் சாயம் போடுவார்கள். உயிருள்ள செல்கள் ஊதாவாக நிற்கும். வைரஸ் கொன்ற இடம் வெள்ளை வட்டமாகத் தெரியும். அந்த வட்டங்களைத் தட்டுத் தட்டாக எண்ண வேண்டும். ஒளிப் புரதம் இருந்தால் தட்டை அலுமினியத் தாளில் சுற்றி, மங்கலான சிவப்பு விளக்கில் வேலை செய்ய வேண்டும். யாராவது மறந்து குழல்விளக்கைப் போட்டுவிட்டால் அந்த வாரச் சோதனை போச்சு, மறுபடி முதலிலிருந்து.

இந்தப் பத்தியை அவளிடமே படித்துக் காட்டுங்கள். முகம் சுளிக்கிறாளா, "எத்தனை வட்டம் வரும்?" என்று கேட்கிறாளா என்று பாருங்கள். விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வாரம் கூட இருந்து பார்க்க அனுமதி கேட்டு அவளே கடிதம் எழுதட்டும். அதற்கு என்ன பதில் வந்தாலும் எடுத்துக்கொண்டு இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள், விண்ணப்பங்களை அப்போது உட்கார்ந்து நிரப்புவோம்.