கணினி கேள்வி–பதில்: தீச்சுவரின் பதிவேட்டை வாசிப்பது

சென்ற இதழில், இணைய இணைப்பின் வாசலில் நின்று எதை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் தீச்சுவரின் (firewall) விதிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களில் பல, விதிகளை விட்டுவிட்டு, அந்தக் கருவி எழுதிவைக்கும் அமர்வுப் பதிவுகளை, அதாவது இரண்டு கணினிகளுக்கிடையே நடந்த ஒவ்வொரு தொடர்பின் குறிப்பையும் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்குத்தான்.

மல்லாவியிலிருந்து ஒரு கூட்டுறவுச் சங்கப் பணியாளர்: அக்கா, எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிதாக ஒரு தீச்சுவர் பூட்டியிருக்கிறார்கள். பூட்டியவர்கள் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். பதிவுப் பக்கத்தைத் திறந்தால் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பாதி சிவப்பு. யாரோ எங்களைத் தாக்குகிறார்களா?

முதலில் அந்தக் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். இரண்டாவது, சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் கருவியில் சிவப்பு என்றால் தடுக்கப்பட்டது என்று பொருள். பொது ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் இலக்கம்) உள்ள எந்த இணைப்பையும், அது கொழும்பில் இருந்தாலும் மல்லாவியில் இருந்தாலும், தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். போர்ட் என்பது ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் இலக்கம். 23, 445, 3389 ஆகிய போர்ட் இலக்கங்களைத் தேடி வெளியிலிருந்து வரும் வரிகள் இந்த வகை. 23, கருவிகளுக்குத் தூரத்திலிருந்து கட்டளையிடும் பழைய முறையான டெல்நெட்டுக்குரியது. 445 விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு. 3389 தூரத்திலிருந்து ஒரு கணினியை இயக்குவதற்கு. தடுக்கப்பட்டிருந்தால் கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது.

நீங்கள் நேரம் செலவிட வேண்டியது அனுமதிக்கப்பட்ட வரிகளில். அதிலும் உள்ளேயிருந்து வெளியே போகும் வரிகளில். ஒரு வரியை எடுத்து மெதுவாக வாசிப்போம். புறப்பட்ட முகவரி 192.168.10.24. போய்ச் சேர்ந்த முகவரி 203.0.113.45, போர்ட் 443 (மறைகுறியாக்கப்பட்ட இணையப் பக்கங்களுக்குரியது), நெறிமுறை (தரவு போய்வரும் முறை) டி.சி.பி. அனுப்பியது 4 கிலோபைட், பெற்றது 310 கிலோபைட். நீடித்தது 14 விநாடி. அனுமதித்த விதியின் பெயர், முடிந்த காரணம். இவ்வளவுதான் ஒரு வரி. கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தார் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. கொஞ்சம் கேட்டு நிறையப் பெறுவதுதான் மனிதர் இணையத்தைப் பார்க்கும்போது வழமை. அது தலைகீழாக இருந்தால், அதாவது நூற்றுக்கணக்கான மெகாபைட் வெளியே போய், உள்ளே வந்தது சொற்பமாக இருந்தால், அந்த வரியில் நில்லுங்கள். தரவுக் காப்புப் பிரதி மேகச் சேமிப்புக்குப் போயிருக்கலாம். யாராவது திருமண வீடியோவை ஏற்றியிருக்கலாம். உங்கள் அங்கத்தவர் விபரங்களை யாரோ அள்ளிக்கொண்டு போயிருக்கவும் கூடும். எது என்பதை நேரமும் போன இடமும் சொல்லும். அனுப்பிய அளவின்படி வரிசைப்படுத்திப் பார்க்கும் வசதி பல கருவிகளில் உண்டு. வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் செய்யுங்கள்.

பூட்டுபவர்கள் சொல்லாமல் போகும் இன்னொரு விடயம். பெரும்பாலான கருவிகள் ஒரு அமர்வு முடிந்த பிறகுதான் அதைப் பதிவேட்டில் எழுதும். காலபோக நெல் கொள்வனவு நாளில் இணைப்பு இழுபடுகிறது, காரணம் தேடிப் பதிவேட்டைத் திறக்கிறீர்கள், ஒன்றும் இல்லை என்றால், காரணம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்று மணித்தியாலமாக இறங்கும் ஒரு கோப்பு, மூன்று மணித்தியாலம் முடிந்த பின்தான் அங்கே வரும். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது 'நடப்பு அமர்வுகள்' என்ற வேறு பக்கம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு கடைக்காரர்: கடையில் கமராக்களும் பதிவுப் பெட்டியும் இருக்கின்றன. கடை பூட்டிய பிறகும் அந்தப் பெட்டி வெளிநாட்டு முகவரி ஒன்றுடன் பேசிக்கொண்டே இருப்பதாகப் பதிவில் தெரிகிறது. கழற்றிவிடவா?

கழற்ற வேண்டாம், தம்பி. முதலில் அளவைப் பாருங்கள். யு.டி.பி. என்ற, தொடர்பைத் தொடங்கவும் முடிக்கவும் தனிச் செய்தி இல்லாத நெறிமுறையில், ஒரே இடைவெளியில், சில நூறு பைட்டுகள் மட்டும் போய் வருகின்றன என்றால், நீங்கள் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் படம் பார்ப்பதற்காக அந்தப் பெட்டி உற்பத்தியாளரின் சேர்வருடன் தொடர்பை அறுந்துவிடாமல் வைத்திருக்கிறது. போர்ட் 123 என்றால் சரியான நேரம் என்ன என்று கேட்கிறது. ஆனால் யாரும் படம் பார்க்காத நேரத்தில் மெகாபைட் கணக்கில் வெளியே போனாலோ, அந்தப் பெட்டியே பல முகவரிகளின் 23ஆம் போர்ட்டைத் தட்டினாலோ, அது உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, வேறு யாருடையதையோ கேட்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் இப்படிப்பட்ட கமராப் பெட்டிகளைத்தான் பிடித்தது. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டதே அதற்குப் போதுமாக இருந்தது. அந்த ஒக்டோபரில் தளப் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் டைன் என்ற பெயர்ச்சேவை நிறுவனத்தின் மீது அந்தப் பெட்டிகளை ஏவியபோது டுவிட்டர் போன்ற பெரிய தளங்களே பல மணித்தியாலம் தடுமாறின.

கமராக்களைக் காசுக் கணினி இருக்கும் வலையமைப்பிலிருந்து பிரித்துத் தனி வலயத்தில் வையுங்கள். அந்த வலயத்திலிருந்து காசுக் கணினிக்குப் போகும் எதையும் தடுக்க ஒரு விதி போட்டு, அந்த விதிக்குப் பதிவை இயக்கிவிடுங்கள். அதில் ஒரு வரி விழுந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

முள்ளியவளையிலிருந்து ஒரு தகவல் தொழில்நுட்ப ஆசிரியை: பாடசாலைக் கணினி அறையில் அதிகாலை 3:10க்கு அமர்வுகள் பதிவாகியிருக்கின்றன. அறையின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. சில வரிகளில் 1970 என்று ஆண்டு வருகிறது.

அறைக்குள் யாரும் வரவில்லை. உங்கள் கருவி கிரீனிச் நேரத்தில் எழுதுகிறது. 5:30ஐக் கூட்டுங்கள், காலை 8:40, பாட நேரம். 1970 ஜனவரி 1 என்பது பல கருவிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள். மின்சாரம் போய் வந்ததும், மணிக்கூட்டுக்கென மின்கலம் இல்லாத சிறிய கருவி அங்கிருந்து தொடங்கும், யாராவது சரியான நேரம் சொல்லும் வரை. இணையத்திலிருந்து நேரம் பெறும் வசதியை இயக்கி, நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்தால் இரண்டும் சரியாகிவிடும்.

இரண்டு நேரத்தின் தொல்லையை வன்னிக்கு விளக்கத் தேவையில்லை. 1996இல் அரசு மணிக்கூட்டை முன்னே நகர்த்தியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் நாடு மீண்டும் 5:30க்குத் திரும்பும் வரை, ஓமந்தைச் சாவடியைத் தாண்டியவர்கள் 'எந்த நேரம்' என்று கேட்காமல் ஒரு பயணத்தையும் ஒழுங்கு செய்ததில்லை. பதிவேட்டை வாசிக்கும்போதும் முதற்கேள்வி அதுவாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, சிறிய கருவிகள் பல பதிவுகளைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். மின்சாரம் போனால் அவையும் போகும். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, சிஸ்லொக் என்ற பதிவு அனுப்பும் முறையில், போர்ட் 514 வழியாக, பதிவுகளை அங்கே அனுப்புங்கள். உயர்தர மாணவர்களுக்கு நல்ல செய்முறைப் பாடமும் ஆகும்.

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு ஆசிரியர் (பாடசாலையின் பெயர் வேண்டாம் என்கிறார்): வைஃபையில் யார் யார் என்ன பார்க்கிறார்கள் என்று, ஆசிரியர்கள் உட்பட, பெயர்ப் பட்டியல் எடுத்துத் தரும்படி அதிபர் கேட்கிறார். பதிவேட்டிலிருந்து எடுக்க முடியுமா?

எடுத்துக் கொடுக்காதீர்கள். முதற்காரணம், அது உண்மையான பட்டியலாக இருக்காது. பதிவேட்டில் இருப்பது முகவரி. இன்று ஒரு கைத்தொலைபேசிக்குக் கிடைத்த முகவரி நாளை இன்னொன்றுக்குக் கிடைக்கும். எந்தக் கருவிக்கு எந்த முகவரி வழங்கப்பட்டது என்ற பதிவையும் சேர்த்துப் பார்த்தால் கருவியைப் பிடிக்கலாம் என்பார்கள். 2019இல் வந்த ஆண்ட்ரொய்ட் 10, 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலாகக் கைத்தொலைபேசிகள் தொழிற்சாலையில் இட்ட தம் வன்பொருள் முகவரியை மறைத்துப் புனைமுகவரி ஒன்றையே வைஃபைக்குக் காட்டுகின்றன. கருவியைப் பிடித்தாலும், அந்த நேரத்தில் அது யார் கையில் இருந்தது? ஒரே கைத்தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. இனி, என்ன பார்த்தார் என்பது. 443இல் போகும் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டது. தளத்தின் பெயர் தெரியலாம், அதற்குமேல் இல்லை. அந்தப் பெயரையும் நம்பிவிட முடியாது. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள விளம்பரங்கள் தாமாகவே பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு அமர்வு தொடங்கும். சூதாட்டத் தளத்தின் பெயர் பதிவில் இருப்பதால் ஆசிரியர் சூதாடினார் என்று ஆகாது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. முகாமில் பதிவு, சாவடியில் பதிவு என்று பெயரைக் கொடுத்துக் கொடுத்து வளர்ந்தவர்கள்தான் இன்று இங்கே ஆசிரியர்களாக நிற்கிறார்கள். பட்டியல் என்ற சொல்லுக்கே வயிறு கலங்கும் குடும்பங்கள் உண்டு. வலையமைப்பைக் காப்பதற்காக வைத்த பதிவேட்டை அவர்களை நோக்கித் திருப்புவதற்கு நம் கையால் உதவக் கூடாது. சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவைத் திரட்டினோமோ அந்த எல்லைக்குள் நிற்கச் சொல்கிறது.

அதிபரிடம் வெறும் மறுப்போடு போகாதீர்கள். அவருடைய கவலை அநேகமாக இணையக் கட்டணமும் பாட நேரமும்தான். எந்த மணித்தியாலத்தில் எவ்வளவு போகிறது, எந்த வகைத் தளங்களுக்குப் போகிறது என்ற கூட்டுத்தொகையைக் கொடுங்கள். பாட நேரத்தில் வீடியோவுக்கு வேக வரம்பு போடலாம், மாணவர் வைஃபையைத் தனியாகப் பிரிக்கலாம் என்று சொல்லுங்கள். பதிவு வைக்கப்படுகிறது, இன்னார் மட்டும் பார்ப்பார், இத்தனை நாளில் அழிக்கப்படும் என்று எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பெயர்தான் வேண்டும் என்றால், எழுத்தில் தரச் சொல்லி வலயக் கல்வி அலுவலகத்திடம் கேளுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒரு வாசகர்: கிளை அலுவலகத்திலிருந்து தலைமை அலுவலகக் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. தீச்சுவரில் 'அனுமதி' என்றே காட்டுகிறது. முடிவுக் காரணம் 'காலாவதி'.

பெற்ற பைட்டுகள் சுழியமா என்று பாருங்கள். சுழியம் என்றால் உங்கள் கோரிக்கை வெளியே போயிருக்கிறது, பதில் வரவில்லை. அங்கே கணினி நிறுத்தப்பட்டிருக்கலாம், அதிலுள்ள விண்டோஸ் தீச்சுவர் மறித்திருக்கலாம், திரும்பும் பாதை தவறாக இருக்கலாம். தலைமை அலுவலகத் தீச்சுவரிலும் அதே நேரத்து வரியைத் தேடச் சொல்லுங்கள். அங்கே வரியே இல்லையென்றால் இடைவழியில் பிழை, இருந்தால் அந்தக் கணினியிலோ திரும்பும் பாதையிலோ பிழை. காரணம் 'காலாவதி' என்றில்லாமல் 'சேர்வர் துண்டித்தது' என்றிருந்தால் அநேகமாகக் கணினி இயங்குகிறது, மென்பொருள்தான் இயங்கவில்லை. தளப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்கும் போர்ட் 53இல் யு.டி.பி. வரிகளும் 'காலாவதி' என்றுதான் முடியும். யு.டி.பி.யில் விடைபெறும் வழக்கமே இல்லாததால் அது இயல்பு, அவற்றை விட்டுவிடுங்கள்.