வலைப்பக்கத்தை அசையும் வால்பேப்பராக வைத்தால் மடிக்கணினி மந்தமாகிவிடுமா?

எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 4கே காணொளி ஒன்றைப் போட்டுவிட்டு, விசிறி இரைவதைக் கேட்டு நீங்கள் பயந்துபோயிருக்க வேண்டும். காணொளி ஓடிக்கொண்டே இருக்கும். வலைப்பக்கத்தை, வரைந்து முடித்ததும் சும்மா இருக்கும்படி எழுதலாம்.

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டுக் கணினித் திரையில் இருப்பது அம்மாவின் சிக்குக் கோலம். அவருடைய கோல நோட்டைப் பார்த்து, வலைப்பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நான் எழுதியது. முதலில் புள்ளிகள் வரும், பிறகு இழை மெல்ல வளைந்து வளைந்து போகும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "புள்ளியைத் தொடாம சுத்திப் போகணும்டா, இழை எங்கயும் அறுபடக் கூடாது" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு வளைவாகச் சரிசெய்தேன். இழை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் அனிமேஷன் நின்றுவிடும். அப்புறம் கணினிக்குப் பெரிதாக வேலையே இல்லை.

மூலையில் 2 மணி நேர வானிலை முன்னறிவிப்பும் உண்டு. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வட்டாரவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. துணியைக் கழியில் மாட்டி வெளியே நீட்டுவதற்கு முன் அம்மா அதைத்தான் பார்க்கிறார்.

விண்டோஸ் என்றால் லைவ்லி வால்பேப்பர் போதும். இலவசம், திறந்த மூல மென்பொருள். வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். முழுத்திரையில் வேறு செயலி ஓடும்போது தானே நின்றுகொள்ளும். பேட்டரியில் ஓடும்போதும் நிறுத்திவைக்க அமைப்பு இருக்கிறது, அதை மறக்காமல் போட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத தளத்தின் பக்கத்தை மட்டும் வைக்காதீர்கள்.

"1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உடன் வந்த ஆக்டிவ் டெஸ்க்டாப் கணினியையே முடக்கியதே" என்று யாராவது வருவார்கள். அதுவும் வலைப்பக்கத்தைத் திரைப் பின்னணியாக வைக்கும் வசதிதான். உண்மைதான், அன்றைய கணினிகளுக்கு அது பெரிய சுமை. விண்டோஸ் விஸ்டாவில் அதை எடுத்தே விட்டார்கள். அதை வைத்து இன்றைய கணினியை எடைபோடுவது நியாயமில்லை. மின்சாரம் வீண் என்பவர்களுக்கும் சொல்கிறேன், நின்றுவிட்ட கோலம் சாதாரணப் படம் மாதிரிதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியே ஆகணும். போன தீபாவளிக்கு ஒரு கடையில் அம்மா கோலமாவு கேட்டார். "இப்ப யாரும்மா மாவுல போடுறாங்க, ஸ்டிக்கர் வாங்கிக்குங்க" என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நாங்கள் போடுகிறோம். எங்கள் தாழ்வாரத்தில் இன்னும் சில வீடுகளிலும் போடுகிறார்கள்.

கோலத்தின் கோப்பு வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.