கூச்சமா, கோளாறா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. கல்யாணப் பந்தியில் பாயசத்தைப் பப்படமும் பழமும் சேர்த்துப் பிசைந்து அள்ளும்போது கை நடுங்குவதை எதிர்வரிசைக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று, ஓராண்டாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. இது வெறும் கூச்சம்தானா?
– வாசகி, தக்கலை

பதில்: கூச்சம் ஒரு சுபாவம், அதற்கு மருத்துவப் பெயர் தேவையில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல்தான் ‘சமூக அச்சம்’ என்பதைத் தனி நோயாகச் சேர்த்தது. பிறர் முன்னிலையில் பேசுவது, உண்பது, எழுதுவது போன்ற குறிப்பிட்ட சூழல்களையொட்டிய பயமாகவே அன்று அது பார்க்கப்பட்டது. பெரும்பாலான சமூகச் சூழல்களுக்கும் அப்பயம் பரவக்கூடும் என்பது 1987 திருத்தத்தில் இடம்பெற்றது. 2013 பதிப்பில் ‘சமூகப் பதற்றக் கோளாறு’ என்பதே முதன்மைப் பெயரானது. மேடையில் பேசும்போதோ பாடும்போதோ மட்டும் பதறுகிறவர்களுக்கு அதில் தனி உட்குறிப்பும் உண்டு; உங்கள் மகனின் நிலை அதில் அடங்காது.

பதற்றம் வெளியே தெரிந்து பிறர் தன்னைக் குறைவாக எண்ணிவிடுவார்கள் என்ற பயம், அதனால் விலகி நிற்பது, அது பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுப்பது ஆகியவையே அளவுகோல்கள். நீங்கள் எழுதியிருப்பது இவற்றோடு பெரிதும் ஒத்துப்போகிறது என்றாலும், நேரில் பேசிப் பார்த்து மனநல மருத்துவர்தான் உறுதிசெய்ய முடியும். ‘நாலு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் சரியாகிவிடும்’ என்று உறவினர் சொல்வதைக் கேட்க வேண்டாம். படிப்படியாகப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வேறு, பந்தியில் தள்ளிவிடுவது வேறு. வீட்டில் தனியே கட்டன்சாயா குடிக்கும்போதும் கை நடுங்குகிறது என்றால், முதலில் தைராய்டு சோதனையைச் செய்துவிடுங்கள்.