சின்ன இடத்துல டிபி பாக்ஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பழைய வீட்டுக்கு மறுபடி வயரிங் பண்றவங்க கேள்விய எல்லாம் இன்னிக்கு உக்காந்து பாக்குறேன். 26 வருஷமா சென்னையில இதான் தொழில், அதுலயும் பழைய வீடுங்கதான் ஜாஸ்தி. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், மெயின ஆஃப் பண்ணியாச்சுன்னு டிபிக்குள்ள, அதாவது மெயின் கரண்ட ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரிச்சு விடுற பாக்ஸுக்குள்ள, கை வைக்காதீங்க, இன்வெர்ட்டர் இருக்குற வீட்டுல பாதி வயர்ல கரண்ட் ஓடிட்டுதான் இருக்கும்.

கேள்வி: திருவல்லிக்கேணில தாத்தா கட்டுன வீடு சார், மேலயும் கீழயும் நாங்கதான். மீட்டர் பக்கத்துல கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல 14 இஞ்சு சுவர்தான் இருக்கு, அதுவும் நாலரை இஞ்சு சுவர். இப்போ மரப்போர்டுல பீங்கான் ஃபியூஸ் ஆறு இருக்கு. 12 எம்சிபி (லோடு ஜாஸ்தியானா தானா விழுற சுவிட்ச்) வர்ற மாதிரி பாக்ஸ அங்கயே உள்ள புதைக்கலாம்ங்கிறார் வயர்மேன். முடியுமா?

பதில்: புதைக்காதீங்க. நாலரை இஞ்சு சுவர்ல பாக்ஸுக்கு மூணு இஞ்சு நோண்டுனா அந்தப் பக்கம் மிஞ்சுறது ஒன்றரை இஞ்சுதான். ஒரு வீட்டுல இப்படித்தான், நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம கொத்தனாரு உளிய வெச்சு நாலு அடி போட்டாரு, அந்தப் பக்கம் பூஜை ரூம்ல காலண்டர் ஆணியோட கீழ விழுந்துச்சு, பின்னாடியே முறம் அளவுக்கு பூச்சும் பேந்து வந்துச்சு. இந்த மாதிரி சுவர்ல வெளிய மாட்டுற சர்ஃபேஸ் பாக்ஸ்தான் சரி. அழகு கொஞ்சம் கம்மி, சுவர் மிச்சம்.

அடுத்தது அகலம். எல்லாரும் எம்சிபியத்தான் எண்ணுவாங்க. ஒரு எம்சிபி 18 எம்எம், 12க்கு 216. மொத்த கரண்டயும் நிறுத்துற மெயின் ஐசொலேட்டர் 36, கரண்ட் கசிஞ்சா வெட்டுற ஆர்சிசிபி 36. மொத்தம் 288 எம்எம், அதாவது கிட்டத்தட்ட பதினொன்னரை இஞ்சு, பாக்ஸோட ஓரத்தையும் சேத்தா 14க்குள்ள எப்படியோ அடங்கிடும்னு தோணும். ஆனா எம்சிபிய எண்ணாதீங்க, பைப்ப எண்ணுங்க. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பேஸ், நியூட்ரல், எர்த்னு மூணு வயர், 12 சர்க்யூட்டுக்கு 36 வயர் அந்தப் பாக்ஸுக்குள்ள வந்து வளையணும். ஒரு பைப்புக்கு ரெண்டு சர்க்யூட்னு வெச்சாலே ஒரு இஞ்சு பைப் ஆறு இறங்கணும், பக்கத்துல கதவு நிலை, மேல லிண்டல், அதான் கதவுக்கு மேல சுவர தாங்குற விட்டம், அதுல பைப்புக்கு காடி எடுக்கவே கூடாது. எங்க இறக்குவீங்க? இடம் பத்தாம வயர இழுத்து இறுக்கி மடக்கி மூடிய அழுத்தி ஸ்க்ரூ போட்டுட்டு போயிடுவாங்க, ஆறு மாசம் கழிச்சு ஒரு டெர்மினல் லூஸாகி கருகும், எம்சிபி கம்பெனி சரியில்லன்னு பேசுவாங்க.

மாடியும் உங்களுதுதானே, அப்போ பாக்ஸ ரெண்டாப் பிரிங்க, கீழ ஒண்ணு மேல ஒண்ணு. மாடிக்கு ஒரே பைப்ல 6 ஸ்கொயர் எம்எம் வயர் போனாப் போதும், கீழ 32 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் ரெண்டயும் வெட்டுற) எம்சிபிலேந்து, கீழ ஆர்சிசிபிக்கு முன்னாடியே எடுத்துடணும், மாடிக்கு தனி ஆர்சிசிபி. எந்த ரூமுக்கு எத்தன பைப்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க, மிச்சத்தப் பேசலாம்.

கேள்வி: டிபி பாக்ஸ் அக்னி மூலையிலதான் வரணுமா?

பதில்: ஜோசியர கேளுங்க சார். எனக்கு ஈரம் வராத மூலையா இருந்தாப் போதும்.

கேள்வி: ரெண்டு பெட்ரூம் வீடு, 8 வே (எட்டு எம்சிபிக்கு இடம்) பாக்ஸ் போதுமா அண்ணே?

பதில்: ஏசி ஒவ்வொண்ணுக்கும் தனி, கீசருக்குத் தனி, கிச்சன் பவர் பாயிண்ட், வாஷிங் மெஷின், மோட்டார், லைட் ஃபேனுக்கு ரெண்டு. இதுவே எட்ட தொட்டுடும். ரெண்டு காலியா இருக்குற மாதிரி வாங்குங்க. 8 வேன்னு அட்டையில போட்டிருந்தா மெயினோட இடத்த சேத்தா சேக்காமயான்னு கடையிலயே திறந்து பாருங்க, கம்பெனிக்கு கம்பெனி கணக்கு வேற.

கேள்வி: அடுப்பங்கரை பரண் கீழ, சிங்க்குக்கு மேல காலி இடம் இருக்கு, அங்க வைக்கலாமா?

பதில்: வேணாம். துணி அலமாரி உள்ளயும் வேணாம், பாத்ரூம் சுவர்லயும் வேணாம். ஸ்டூல் போடாம கை எட்டணும், எதிர்ல ஆள் நிக்க இடம் வேணும்.

கேள்வி: பழைய போர்டுல நியூட்ரல்லயும் ஃபியூஸ் இருக்கு. புதுசுலயும் வேணுமா?

பதில்: கூடவே கூடாது. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போச்சுன்னா ஃபேன் நின்னுடும், கரண்ட் இல்லன்னு நெனச்சு கழட்டுவீங்க, பேஸ் அங்க உயிரோட காத்துட்டு இருக்கும். புது பாக்ஸ்ல நியூட்ரலுக்கு லிங்க், அதாவது ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பு, மட்டும்தான்.

கேள்வி: மூணு பேர் குடும்பம், எத்தன வே வாங்கணும்?

பதில்: ஆள எண்ணி வாங்குறதில்லம்மா. மேல 8 வே கேள்விய படிங்க.

கேள்வி: எங்க பாக்ஸ் சின்னது. ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு வயர்மேன் அதக் கழட்டிட்டு அந்த எடத்துல ரெண்டு எம்சிபி போட்டுட்டார். இப்போ பிரச்சன இல்ல. ஓகேதானே?

பதில்: ஓகே இல்ல. நாளைக்கே திருப்பி போடச் சொல்லுங்க. வலிக்குதுன்னு போனவனுக்கு மரத்துப்போற ஊசி போட்டு அனுப்பின கத இது.

குறுக்க ஒருத்தர்: தம்பி, நானும் 30 வருஷ வயர்மேன்தான். மழைக்காலம் வந்தா ஆர்சிசிபி உயிர எடுக்கும், ராத்திரி 2 மணிக்கு கஸ்டமர் ஃபோன் பண்ணுவான். எர்த் நல்லா இருந்தா எம்சிபியே பாத்துக்கும், பாக்ஸ்ல எடமும் மிச்சம்.

பதில்: அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாத உண்டு, ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம வீட்டு எர்த் குழி 23 ஓம்னு வெச்சுக்குவோம், நெறைய குழி அதவிட மோசம். கிரைண்டர் பாடில பேஸ் தட்டுது, 230ஐ 23ஆல வகுங்க, 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதா லோடு, ஜம்முனு உக்காந்திருக்கும், கிரைண்டர் பாடில கரண்ட் நின்னுட்டே இருக்கும். மனுஷன் தொட்டா அதுவும் கெடையாது, உடம்பு வழியா போறது மில்லி ஆம்பியர் கணக்குதான், ஆள் போறதுக்கு அது போதும், எம்சிபிக்கு தெரியவே தெரியாது. பேஸ்ல போனது நியூட்ரல்ல திரும்பலன்னு பாத்து 30 மில்லி ஆம்பியர்குள்ள வெட்டுறது ஆர்சிசிபி மட்டும்தான்.

அதே ஆள்: ஒரு கையில பேஸ், ஒரு கையில நியூட்ரல் புடிச்சா ஆர்சிசிபியும் காப்பாத்தாதே?

பதில்: காப்பாத்தாது, சரிதான். தரையில காலே படலன்னா ஆர்சிசிபிக்கு அந்த ஆள் வெறும் பல்பு மாதிரி. அதுக்காக மத்த சாவுக்கெல்லாம் கதவ தொறந்து வைக்கணுமா அண்ணே? அந்த ராத்திரி 2 மணி ஃபோனு எனக்கும் வந்திருக்கு. ஒரு வீட்டுல தெனம் ஏழு மணிக்கு ட்ரிப், கீசர மாத்துனாங்க, மோட்டார மாத்துனாங்க, ஆர்சிசிபியவே ரெண்டு தடவ மாத்துனாங்க. நான் போய் பாத்தா அது படிக்கட்டு லைட்டு. ரெண்டு பக்கமும் சுவிட்ச் இருக்குற லைட்டு, பேஸ் கீழ் பாக்ஸ்லேந்து, நியூட்ரல் பக்கத்துல இருக்கேன்னு மாடி பாக்ஸ்லேந்து. கீழ போன கரண்ட் மேல திரும்புது, ஆர்சிசிபி அதோட வேலைய ஒழுங்கா பாத்துச்சு, திட்டு வாங்குனதும் அதுதான். இன்வெர்ட்டர் நியூட்ரல வீட்டு நியூட்ரலோட கலந்துட்டா இதே கததான். பத்துல ஏழு வீட்டுல குத்தம் இந்த நியூட்ரல் கலப்புதான், மிச்சம் ஈரம் ஏறுன மோட்டாரும் கீசர் காயிலும்.

அதே ஆள்: படிக்கட்டு லைட்ட நாங்க எப்பவும் அப்படித்தான் இழுப்போம்.

பதில்: அதான் உங்களுக்கு 2 மணிக்கு ஃபோன் வருது அண்ணே.

கேள்வி: சோலார் வெச்சா எந்த எடத்துல சேக்கணும்?

பதில்: எனக்கு தெரியாத வேல, அத செய்யிறவங்கள கேளுங்க. அதுவும் இன்வெர்ட்டர் மாதிரிதான், மெயின் ஆஃப்னு நம்பி கை வைக்காதீங்க.

கேள்வி: சார் 6 வே போதுமா 8 வே வேணுமா?

பதில்: மேல படிங்க.

கேள்வி: மீட்டருக்கும் டிபிக்கும் நடுவுல எடமே இல்ல, மீட்டர நாமளே ஒரு அடி தள்ளி வெச்சுக்கலாமா?

பதில்: சீல் இருக்குற எதையும் தொடாதீங்க. ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, அவங்க வந்துதான் மாத்தணும். மீட்டர் பக்கம், வீட்டுல எந்த சுவிட்ச ஆஃப் பண்ணாலும் கரண்ட் நிக்காது.

கேள்வி: ஒரு சின்ன டவுட், ஒரு பெட்ரூம் வீட்டுக்கு எத்தன வே?

பதில்: ...

கேள்வி: திருவல்லிக்கேணி திரும்ப வந்திருக்கேன் சார். எண்ணிட்டேன். கீழ மூணு பைப், மேல நாலு. மாடிக்கு படிக்கட்டு திரும்புற எடத்துல 9 இஞ்சு சுவர் இருக்கு.

பதில்: பிரமாதம். கீழ 14 இஞ்சுல 8 வே சர்ஃபேஸ் பாக்ஸ், மூணு பைப்போட மாடிக்கு போற ஒண்ணு, தாராளமா நிக்கும், எல்லாத்தையும் ஜன்னல் பக்கமா கீழேந்து ஏத்துங்க, லிண்டல தொட வேணாம். மாடிக்கு அந்த 9 இஞ்சு சுவர்ல புதைச்சுக்கலாம், நோண்டுறதுக்கு முன்னாடி பின்பக்கம் பாத்ரூம் குழாய் ஓடுதான்னு பாருங்க. பாக்ஸுக்குள்ள ஒவ்வொரு வயரும் ஒரு ஜாண் மிச்சம் விடச் சொல்லுங்க, ஒரு மாசம் ஓடுன அப்புறம் அதே வயர்மேன கூப்ட்டு எல்லா ஸ்க்ரூவயும் இன்னொரு தடவ இறுக்கச் சொல்லுங்க. அப்புறம் படிக்கட்டு லைட்டு, பேஸும் நியூட்ரலும் ஒரே பாக்ஸ்லேந்துதான் வரணும், வயர்மேன் இழுக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க.