மக்கும் செருப்பு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் அடியைப் பாருங்கள்

கேள்வி: மக்கக்கூடிய இயற்கைப் பொருட்களை மட்டும் வைத்துச் செருப்பு, ஷூ வடிவமைக்க முடியுமா? அன்னாசி இலைத் தோல், காளான் தோல் என்று நிறைய சொல்கிறார்கள். நான் டிசைன் மாணவன், எதிலிருந்து தொடங்கலாம்?

செருப்பு தாராளமாக முடியும். ஷூ கொஞ்சம் கஷ்டம், அதுவும் ஓடுவதற்கான ஷூ என்றால் இப்போதைக்கு ரொம்பக் கஷ்டம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது முழுக்க மேல்பகுதியைப் பற்றி. ஒரு ஜோடி குப்பைமேட்டில் மக்காமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அடியும் பசையும்தான். ஆம்பூர் பக்கம் மாதிரிக் காலணிகள் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். டிசைன் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் புதுசாக ஒரு ஷீட்டைக் கொண்டுவந்து "இது மக்கும் அண்ணா" என்று ஆசையாகக் காட்டுவார்கள். சரிப்பா, இதை எதோடு, எதை வைத்துச் சேர்க்கப்போகிறாய் என்று கேட்டால் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

வீட்டில் கிடக்கிற பழைய ஷூ ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அடி சேரும் ஓரத்தில் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பசை இளகி, இழுக்க இழுக்க நூல் நூலாக வரும். உள்ளே ஃபோம், அதன்மேல் அட்டை, நடுப்பாதத்துக்குக் கீழே இரும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டை, விரல் முனையிலும் குதிகாலிலும் விறைப்புக்காக வைத்த பிளாஸ்டிக் ஊறிய துணி, பாலியஸ்டர் நூல், லேஸ் கோக்கிற கண்ணிகள். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு ஓட்டப்பந்தய ஷூவைப் பகுத்துப் பார்த்தார்கள்: 65 பாகங்கள், 360 செய்முறைகள், ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதில் மூன்றில் இரண்டு பங்கு தயாரிப்பில் மட்டுமே. இத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்போது ஒரே ஒரு பாகத்தை மட்டும் மக்கும் பொருளாக மாற்றி என்ன பயன்?

நீங்கள் சொன்ன பொருட்களைப் பார்ப்போம். அன்னாசி இலை நாரில் செய்கிற பினாடெக்ஸ் நல்ல முயற்சிதான், ஆனால் நாரோடு பிஎல்ஏ என்ற தாவரப் பிளாஸ்டிக் கலக்கிறது, மேலே ரெசின் பூச்சு வருகிறது, தோட்டத்தில் புதைத்தால் இலை மாதிரி மக்கிப்போகாது. காளான் வேரிழையில் செய்த மைலோவுக்குப் பெரிய பிராண்டுகளின் ஆதரவு இருந்தும் 2023-இல் உற்பத்தி நின்றுபோனது. கரும்பிலிருந்து எடுத்த ஈவிஏ என்ற பிளாஸ்டிக் ஃபோம் பெட்ரோலியப் பயன்பாட்டைக் குறைக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் செய்து முடித்த பிறகு அதுவும் சாதாரண ஈவிஏதான், மக்காது.

தோலை ஒதுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, எந்தத் தோல் என்பதுதான் முக்கியம். உலகத்தில் பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோம், அதாவது குரோமிய உப்பு போட்டது. வேலை சீக்கிரம் முடியும், தோல் மிருதுவாக வரும், ஆனால் குரோமியம் புரத இழைகளை இறுக்கிக் கட்டிவிடுவதால் மக்குவது மிகவும் தாமதம். தோல் பட்டறைக் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம் அது. குரோம் வருவதற்கு முன்பே நம்மிடம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுகிற முறை இருந்தது. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் ஏற்றுமதியானது, புவிசார் குறியீடும் உண்டு. இப்போது ஆவாரம் பட்டைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் சாறு போடுகிறார்கள், அதுவும் மரப்பட்டையிலிருந்து வருவதுதான். அதற்காகப் பட்டைத் தோல் என்றாலே சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு எந்த முறையிலும் கழிவுநீரோடு வெளியே வருகிறது, அதை அப்படியே விட்டால் நிலத்தைக் கெடுக்கும். வாங்கும்போது மேல்பூச்சு போடாத தோலாகக் கேளுங்கள். பளபளப்புக்காக அடிக்கிற பூச்சு அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன், அது வந்துவிட்டால் பட்டையில் பதனிட்டது வீண்.

அடுத்தது இணைப்பு. உங்கள் முழு உழைப்பும் இங்கேதான் போகவேண்டும். கோலாப்பூர் செருப்பைக் கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள். எருமைத் தோல், வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது, அடுக்குகளைத் தோல் வாராலேயே தைத்திருப்பார்கள், மரபான வேலையில் ஆணி கிடையாது. மழைக்கு ஆகாது, உண்மைதான், ஆனால் பிரித்துத் தைக்கலாம், வார் அறுந்தால் மாற்றலாம். நீங்கள் தைக்க லினன் அல்லது ஹெம்ப் என்ற சணல் வகை நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்துங்கள், வெறும் பருத்தி நூல் வியர்வையில் சீக்கிரம் இற்றுப்போகும். பட்டையில் பதனிட்ட தோலில் இரும்பு ஆணி அடிக்காதீர்கள். ஈரம் பட்டதும் இரும்பும் பட்டையின் துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை விழும், போகவே போகாது. மர முளை அடிக்கலாம், இல்லாவிட்டால் பிறகு பிடுங்கி எடுக்கிற மாதிரி பித்தளை ஆணி.

அடிக்கு ரப்பர். கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பர், இயற்கை ரப்பராகவே இருந்தாலும், மெதுவாகத்தான் சிதையும், அதில் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடும் மண்ணுக்கு நல்லதில்லை. வேகவைக்காத கிரேப் ரப்பர் இருக்கிறது, இலங்கையில் நன்றாகச் செய்கிறார்கள், ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அது இளகி, மண்ணையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதனால் என் கருத்து இது: வெளியில் போட்டு நடக்கிற செருப்புக்கு அடியை மட்டும் வேகவைத்த இயற்கை ரப்பரில் செய்து, தைத்து, தேய்ந்ததும் கழற்றி மாற்றுகிற மாதிரி வடிவமையுங்கள். நூறு சதவீதம் மக்கும் என்று பெட்டியில் போட முடியாது, பரவாயில்லை. மூன்று மாதத்தில் பிய்ந்துபோகிற மக்கும் செருப்பைவிட அடி மாற்றி மாற்றிப் பல வருஷம் போடுகிற செருப்பு எவ்வளவோ மேல். வீட்டுக்குள் போடுவதற்கு என்றால் சணல் அடியே போதும்.

உள்ளங்காலுக்குத் தென்னை நாரும் ரப்பர் பாலும் சேர்த்த தகடு நன்றாக இருக்கும். கோரைப்பாயும் காலுக்குக் குளிர்ச்சி, ஆனால் மடித்தால் ஓரத்தில் வெடிக்கும், தட்டையாக விரித்து விளிம்பைத் தோலால் கட்டுங்கள்.

அப்புறம், 'மக்கும்' என்று சான்றிதழ் காட்டினால் எந்தச் சூட்டில் என்று கேளுங்கள். ஐரோப்பாவின் ஈஎன் 13432 சோதனை, 58 டிகிரி அளவில் நடக்கும் தொழிற்சாலை உரக்கிடங்குக்கானது, தோட்ட மண்ணுக்கானது இல்லை. இடம் வாய்க்காவிட்டால் தோல்கூட மக்காது. ஆர்மீனியாவின் அரேனி குகையில் கிடைத்த தோல் ஷூ, காய்ந்த குளிர்ந்த இடத்தில் ஆட்டுப்புழுக்கைக்குக் கீழே கிடந்ததால் சுமார் 5,500 வருஷம் முழுசாக இருந்தது. அதனால் நீங்கள் போடப்போகிற ஒவ்வொரு பொருளிலும், நூலும் பசையும் உட்பட, சின்னத் துண்டு வெட்டி எடை போட்டு, வலைப்பையில் கட்டி ஈர மண்ணில் புதைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவி, காயவைத்து, மறுபடி எடை பாருங்கள். சென்னையில் இருந்தால் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் கிண்டியில் காலணிப் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. இந்த எடைக் கணக்கோடு போய்ப் பேசினால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.