எடைக் கம்பி (பார்) ஏன் வலப்பக்கம் தாழ்கிறது?

பெஞ்ச் பிரஸ் (பலகையில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மேலே தள்ளும் பயிற்சி) எண்ணிக்கை குறைந்தால், டெக்சாஸ் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் மகனின் லைன்மேன் (எதிராளியை மோதித் தள்ளும் முன்வரிசை வீரர்) இடம் போய்விடுமோ என்பதுதான் உங்கள் கடிதத்தில் தெரியும் பயம். அந்த எண்ணை வைத்து மகனை எடைபோடாதீர்கள் அம்மா. என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) தேர்வு முகாமில் 225 பவுண்டு பாரை எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். 2018இல் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 14 தடவையோடு நின்றுவிட்டார். லைன்மேனுக்கு அது ரொம்பவே குறைச்சல். அடுத்த ஆண்டிலிருந்து தொடர்ந்து 4 முறை, சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். பெஞ்சில் முதுகுக்குப் பலகை தாங்கல் உண்டு. களத்தில் தள்ளும் விசை, ஊன்றிய காலிலிருந்து இடுப்பு வழியாக ஏற வேண்டும். கை நீண்டவனுக்குப் பார் போய்வரும் தூரமும் அதிகம். ஆட்டத்தில் அதே கைதான் எதிராளியை எட்டத்தில் நிறுத்தும். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பவர் கிளீன் (தரையிலிருந்து எடையை ஒரே வேகத்தில் தோளுக்குத் தூக்குவது), முதல் 10 கஜ ஓட்டம் எல்லாம் அவன் வேலைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமானவை.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். 3 வாரத்துக்கு முன் மோதலில் கழுத்திலிருந்து வலது கைவரை எரிந்தது, அதன்பின் பார் வலப்பக்கம் தாழ்கிறது, 12 தடவை 7 ஆனது. இது பயிற்சிக் குறைவு இல்லை. தலை ஒருபக்கம் சாய, தோள் கீழே அமுங்கும்போது கழுத்து நரம்புகள் இழுபடும், 'ஸ்டிங்கர்' என்பார்கள். எரிச்சல் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பலவீனம் தங்கினால்தான் சிக்கல்.

இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்துங்கள். பிறகு முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி எதிர்த்துப் பிடியுங்கள். வலது கை சீக்கிரம் தளர்ந்தால் நரம்பு இன்னும் தேறவில்லை. சமமாகத் தெரிந்தாலும் இந்த வாரமே விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவர் சொல்வார். 3 வாரம் ஆகிவிட்டதால் நரம்புக்கான இ.எம்.ஜி. சோதனையும் இப்போது பயன்படும். இரு கைக்கும் ஒரே பலம் வந்து, கழுத்து வலியின்றித் திரும்பும்வரை மோதல் பயிற்சி கூடவே கூடாது. எரிச்சல் எப்போதாவது இரு கைகளிலும் வந்தாலோ, கால் மரத்தாலோ, அது தண்டுவடம். ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஆளை அசைக்காமல் அவசர எண் 911ஐ அழையுங்கள்.

இணையத்தில் பார்த்த தசைச் சிதைவு நோய்? ஒரு மோதலுக்குப் பிறகு ஒரே கையில் தொடங்குவது அதன் வழக்கமில்லை. டெஸ்டோஸ்டிரோன் சோதனை வீண் செலவு. நண்பன் கொடுத்த ப்ரீ-வொர்க்அவுட் பொடியை (பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடி)க் குப்பையில் போடுங்கள். அதில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின்தான், நரம்பை அது தேற்றாது. வரும் பெஞ்ச் பிரஸ் டெஸ்டுக்கு அவன் வரமாட்டான் என்று கோச்சிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.